வலி இல்லாத அவசரம்

மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் வீடே எழுந்து ஓடும். பக்கவாதத்தில் அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் வலிப்பதே இல்லை. தன் சேதத்தை வலியாக உணரும் நரம்பு முனைகள் மூளைத் திசுவில் கிடையாது. ஆகவே ரத்தக் குழாய் அடைபட்டு மூளையின் ஒரு பகுதி அழிந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்தபடி, "கை என்னமோ மரத்துப்போன மாதிரி இருக்கு, கொஞ்ச நேரம் படுத்தாச் சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நம் வீடுகளில் அவசரத்தை அளக்கும் கோல்கள் இரண்டுதான்: வலி, ரத்தம். இரண்டும் கண்ணில் படாதபோது யாரும் பதறுவதில்லை. நேரத்துக்குப் போய்ச் சேராதவர்களைப் பற்றிப் பேசும்போது ஊர் தூரம், வண்டி கிடைக்கவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லப்படுகிறது. அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்த குடும்பங்களில் நேரத்தின் பெரும்பகுதி சாலையில் தொலையவில்லை. வீட்டுக் கூடத்தில், நோயாளியின் பேச்சை நம்பிக் காத்திருந்ததில்தான் தொலைந்தது. இந்த நோயில் முடிவை நோயாளியிடம் விடக் கூடாது, பக்கத்தில் இருப்பவரே முடிவெடுக்க வேண்டும் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குச் செல்லும் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதால் வருகின்றன. மற்றவை குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவதால் வருகின்றன. அடைப்பு ஏற்பட்டவுடன் அந்தக் குழாய் ஊட்டும் பகுதி முழுவதும் ஒரே நொடியில் செத்துவிடுவதில்லை. தலைவாய்க்கால் அடைபட்ட வயலில் பயிர் உடனே கருகாமல், பக்கத்து மடையிலிருந்து கசிகிற நீரில் வாடி நிற்பதுபோல், அடைப்பின் நடுப்பகுதி அழிந்த பிறகும் அதைச் சுற்றியுள்ள மூளைப் பகுதி அண்டைக் குழாய்களிலிருந்து வரும் சொற்ப ரத்தத்தில் வேலை செய்ய முடியாமல், ஆனால் சாகாமல், சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. சிகிச்சை முழுவதும் அந்த விளிம்புப் பகுதியைக் காப்பாற்றுவதற்காகத்தான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை இல்லாமல் விடப்பட்டால் நிமிடத்துக்கு சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். இயல்பாக வயது ஏறும்போது மூளை இழப்பதோடு ஒப்பிட்டால், ஒரு மணி நேரத் தாமதம் மூளைக்கு 3.6 ஆண்டு முதுமையைச் சேர்க்கிறது என்பதும் அவர் கணக்கே. "பெரியவன் வரட்டும், வந்ததும் போகலாம்" என்று ஒரு வீட்டில் யாராவது சொல்லும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்து ஒன்றில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். மதியப் பந்தியில் என் பெரியப்பா எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் சாதம் முடியும் நேரத்தில் பரிமாறுகிற பையனைப் பார்த்து, "ஊறுகாய் வைக்கலையா தம்பி?" என்று கேட்டார். இலையின் நுனிப் பக்கம், அவருக்கு இடப்புறத்தில், உப்புக்குப் பக்கத்திலேயே ஊறுகாய் இருந்தது. பையன், "இந்தா இருக்குல்லய்யா" என்று விரலால் காட்டினான். பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, "எங்கடா, காணோமே" என்றார். அப்போதுதான் அவர் இலையைக் கவனித்தேன். வலப்பாதி சுத்தமாக உண்ணப்பட்டிருந்தது. இடப்பாதியில் கூட்டு, அப்பளம், பச்சடி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அவர் தண்ணீர் டம்ளரை இடக்கையால் எடுத்தார். அது பாதி உயரத்தில் சாய்ந்து, தண்ணீர் முழுவதும் மடியில் கொட்டியது. வேட்டி நனைந்ததை அவர் உணர்ந்ததாகவே தெரியவில்லை. வலக்கையால் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்து நடந்தது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். ஒருவர் வெயில் என்றார், ஒருவர் வெறும் வயிற்றில் வந்து உட்கார்ந்ததால் வாயு என்றார், யாரோ சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார், இலையில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பலாமா என்று ஒரு பாட்டி தயங்கினார். பெரியப்பாவோ, "எனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாரும் போய் வேலையைப் பாருங்க" என்று தெளிவாக, கொஞ்சம் கோபமாகவே சொன்னார். அவர் குரலில் இருந்த அந்தத் தெளிவுதான் எல்லோரையும் நிறுத்தி வைத்தது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் மதினி, அத்தை மகள், சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து வந்து அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மாமா, பல்லுத் தெரியச் சிரிங்க" என்றார். உதட்டின் வலது ஓரம் மேலே போனது, இடது ஓரம் அப்படியே இருந்தது. "ரெண்டு கையையும் என்னைப் பார்த்து நீட்டுங்க மாமா." வலக்கை நீண்டது. இடக்கை மடியில் கிடந்தது. "ரெண்டு கையும் நீட்டியாச்சா மாமா?" என்று கேட்டதற்கு, "நீட்டித்தானே இருக்கேன்" என்றார். மதினி எழுந்து, யாரையும் கேட்காமல், 108ஐ அழைத்தார்.

அன்று பெரியப்பா பொய் சொல்லவில்லை, வீம்பு பிடிக்கவும் இல்லை. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்படும்போது இடக்கையும் இடக்காலும் பலவீனமாவதோடு, தன் இடப்புறம் என்று ஒன்று இருப்பதையே சிலருக்கு மூளை கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. கை அசையவில்லை என்ற செய்தியும் அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. எந்த உறுப்பால் தன் உடல்நிலையை எடைபோட வேண்டுமோ அந்த உறுப்பே அடிபட்டிருக்கிறது. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் நிலைமை வேறு வகையில் சிக்கலாகிறது: வலக்கை விழுகிறது, கூடவே பலருக்குப் பேச்சும் போகிறது. தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல வார்த்தை வராது. ஒருவருக்குச் சொல்ல முடியாது, இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது. இந்த இரண்டு பேரிடமும், "உனக்கு என்ன செய்யுது, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று அனுமதி கேட்டு நிற்பதில் அர்த்தமில்லை.

மதினி செய்த சோதனைகள் முகம், கை, பேச்சு என்ற மூன்றும் உலகம் முழுவதும் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுபவை. கேட்பதற்கு எளியவை என்றாலும் அவற்றைச் சரியாகச் செய்வதில் சில நுணுக்கங்கள் உண்டு. முகத்தைச் சும்மா பார்த்தால் போதாது, வயதான முகங்கள் பலவும் இயல்பாகவே கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பல் தெரியும்படி சிரிக்கச் சொன்னால்தான் வேறுபாடு துலங்கும். கைகளை உள்ளங்கை மேலே பார்க்கும்படி நீட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்ல வேண்டும். முழுவதும் செயலிழந்த கை யார் கண்ணிலும் படும். பாதி பலவீனமான கை, கண் மூடியிருக்கும்போது மெல்லத் திரும்பிக் கீழே இறங்கும்போதுதான் பிடிபடும்.

பேச்சுச் சோதனையில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மனப்பாடமாக இருப்பவை, பிள்ளைப் பருவத்திலிருந்து சொல்லிவந்த சாமிப் பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்ற எண்கள், வசவுச் சொற்கள், இவை மொழித்திறன் போன பிறகும் சிலருக்கு வாயில் சரளமாக வரும். அதைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே பேசுறார்" என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. புதிதாகச் சிந்தித்துச் சொல்ல வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டும்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு வந்தீர்கள், இது என்ன பொருள் என்று கையில் கிடைத்ததைக் காட்டிக் கேட்கலாம். நாம் சொல்வது புரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வலது கையால் இடது காதைத் தொடுங்கள் என்று சைகை காட்டாமல் வாயால் மட்டும் சொல்லிப் பார்த்தால் போதும். குழறல், சொல் மாறி வருதல், கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில், இவற்றில் எது திடீரென்று வந்தாலும் ஒன்றுதான். மூன்று அடையாளங்களும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்று இருந்தாலே புறப்பட வேண்டும்.

இந்த மூன்றிலும் அகப்படாத பக்கவாதமும் உண்டு. மூளையின் பின்பகுதிக்கும் சிறுமூளைக்கும் போகும் குழாய்கள் அடைபட்டால் கை கால் பலமாகவே இருக்கலாம். திடீரென்று தலை சுற்றும், வாந்தி வரும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும், நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். இதைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பது நம்மிடம் மிகச் சாதாரணம். தலைசுற்றலுக்கு ஆபத்தில்லாத காரணங்கள் பல இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் சுற்றலோடு, பிடிக்காமல் நிற்கவே முடியவில்லை என்றாலோ, பார்வை இரட்டித்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ அதைப் பித்தத்தின் கணக்கில் எழுதக் கூடாது. ஒரு கண்ணில் அல்லது பார்வையின் ஒரு பாதியில் திரை விழுந்ததுபோல் மறைவதும் இதே வகை. வாழ்நாளில் கண்டிராத தலைவலி நொடியில் உச்சத்துக்குப் போனால் அது மூளையைச் சுற்றி ரத்தக் கசிவாக இருக்கக்கூடும்; பக்கவாதம் வலிக்காது என்பதற்கு அது பெரிய விதிவிலக்கு. இத்தனை அடையாளங்களுக்கும் பொதுவான குணம் திடீர்த்தன்மை. சற்று முன்பு இருந்த மனிதர் இப்போது இல்லை என்று தோன்றுகிறதா என்பதே கேள்வி.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தானாகச் சரியாகிவிடுகிற பக்கவாதம். வாய் கோணி, கை விழுந்து, பத்து இருபது நிமிடத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும். கட்டி தானே கரைந்தோ நகர்ந்தோ குழாய் திறந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். குடும்பம் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு ஊர் வேலையைப் பார்க்கப் போய்விடும். இப்படி வந்துபோனவர்களில் சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அடுத்த மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வருகிறது என்றும், அதில் பாதி முதல் இரண்டு நாளிலேயே வருகிறது என்றும் பழைய ஆய்வுகள் காட்டின. அதே நாளில் மருத்துவமனைக்குப் போய், காரணம் கண்டு மருந்து தொடங்கினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. வந்துபோனது வராமலே இருந்ததற்குச் சமம் என்று நினைப்பதைவிடப் பெரிய ஆபத்து இந்த நோயில் வேறில்லை.

இனி, வீட்டில் செய்யக் கூடாதவை. தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் தடுமாறும். ஊற்றியது மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக மாறி, பக்கவாதத்திலிருந்து பிழைத்தவரையும் கொண்டுபோய்விடும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. நெஞ்சுவலிக்குக் கேட்ட அறிவுரையை இதற்கும் பொருத்திக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது அடைப்பா கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை மருத்துவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெருக்கும். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கூடுதலாக ஒன்று போடுவதும் தவறு. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள உடல் அந்த அழுத்தத்தை ஏற்றி வைத்திருக்கக்கூடும், சட்டென்று இறக்கினால் விளிம்பில் உயிரோடு இருக்கும் பகுதியும் போய்விடும். விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் புதுப் பிறவி எடுக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. புறா ரத்தம் தேய்ப்பதும் எண்ணெய் போட்டு நீவுவதும் அப்படியே. இவற்றைச் செய்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாத பதற்றத்தில் எதையாவது செய்யத் தோன்றுகிறது. அந்தப் பதற்றத்துக்குக் கொடுக்க வேண்டிய வேலைகள் வேறு இருக்கின்றன.

ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கும் இந்தச் சேவையில் வண்டியோடு பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளரும் வருகிறார். "பக்கவாதம் மாதிரி இருக்கு" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திச் சொல்ல வேண்டும், மயக்கம் என்றோ உடம்பு சரியில்லை என்றோ பொதுவாகச் சொன்னால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்ற முடிவே மாறிவிடலாம். இன்னொருவர் நோயாளியைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, வாந்தி வந்தால் வெளியே வழிய வழிசெய்ய வேண்டும். தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பலமிழந்த தோள்மூட்டு எளிதில் நழுவிக்கொள்ளும், பிறகு அந்தத் தோள் வலி மாதக்கணக்கில் வாட்டும். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து இருசக்கர வண்டியில் கொண்டுபோவதைக் கிராமங்களில் இன்றும் பார்க்கிறேன்; அது கூடாது. ஆம்புலன்ஸ் வர வெகு நேரமாகும் என்றால் கார் நல்லது. சர்க்கரை நோயாளியாக இருந்து வீட்டில் சோதனைக் கருவியும் இருந்தால், வண்டி வருவதற்குள் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். ஆனால் கருவியைத் தேடிக்கொண்டிருப்பதற்காக வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது.

மூன்றாமவர் செய்ய வேண்டியது இரண்டு செய்திகளைத் திரட்டுவது. ஒன்று, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள் என்பது. மருத்துவமனை வாசலில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான், ஏனென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா என்பது அந்த நேரத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. நாம் கவனித்த நேரத்திலிருந்து அல்ல. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் இரவு படுத்த நேரமே கணக்கு. அதனால் இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தாரா, அப்போது சரியாக நடந்தாரா என்று பக்கத்தில் படுத்திருந்தவரைக் கேட்பது அவசியம். இரவு பத்து மணிக்குப் படுத்தவர் விடியற்காலை நான்கு மணிக்கு நன்றாக நடந்து போய்வந்தார் என்றால் அந்த ஒரு தகவல் ஆறு மணி நேரத்தை மீட்டுக் கொடுக்கும். இன்னொன்று, அவர் சாப்பிடும் மாத்திரைகள். பெயரை நினைவுகூர முயன்று நேரத்தைப் போக்காமல் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் அள்ளிப்போட்டுக்கொள்வது மேல். இதய வால்வு மாற்றியவர்கள் எடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் பையில் இருந்தால் சிகிச்சையே மாறும்.

எங்கே போவது என்பதை அன்றைய தினம் யோசிக்கக் கூடாது. பழகிய மருத்துவர், பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி என்று போய், அங்கே சொட்டு மருந்து ஏற்றிப் படுக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்று அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. தேவை மூன்று: இரவு பகலாக இயங்கும் சிடி ஸ்கேன், அதைப் படித்து முடிவெடுக்கும் மருத்துவர், கட்டியைக் கரைக்கும் ஊசி. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று ஒரு நிதானமான நாளில் தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு இரவு வந்தாலும் ஸ்கேன் எடுப்பீர்களா என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நம்மில் பலர் கடைசி இடமாக வைத்திருக்கிறோம். இந்த நோய்க்குப் பல மாவட்டங்களில் அவைதான் முதல் இடமாக இருக்கத் தகுந்தவை.

அந்த ஊசியின் வரலாறு அப்படியொன்றும் பழையதல்ல. அதற்கு முன் பக்கவாதம் வந்தவரைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வதைத் தவிர மருத்துவத்துக்கே பெரிய வழி இருக்கவில்லை. 1995இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது குறையே இல்லாமலோ மிகச் சிறிய குறையோடோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 விழுக்காடு கூடுகிறது என்று காட்டியது. 2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்தக் கெடுவை நான்கரை மணி நேரமாக நீட்டியது. 2015இல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள், தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் பெரிய குழாய்களில் இருக்கும் கட்டியை நேராக இழுத்து எடுக்கும் முறை பலன் தருவதை நிறுவின. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்பது 2018இல் தெளிவானது. நான்கரை மணி, 24 மணி என்ற எண்களைக் கேட்டு, "நேரம் இருக்கிறது" என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். அவை கதவு மூடும் நேரங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் போட்ட ஊசி செய்வதை நான்காவது மணியில் போட்ட ஊசி செய்வதில்லை.

ஊசிக்கு முன் கையெழுத்துக் கேட்பார்கள். அந்த 1995 ஆய்வில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு, அறிகுறி காட்டும் அளவுக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது, ஆகவே மருத்துவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்டவுடன் குடும்பம் உறைந்துபோகிறது. மூத்த மகன் துபாயில், மாப்பிள்ளை திருப்பூரில், ஒவ்வொருவரிடமும் போனில் விளக்கி ஒப்புதல் வாங்குவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. ஆபத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் ஊசி நல்லது என்று முடிவானது என்பதை வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தால், அங்கே நிற்பவர் ஒருவரே கையெழுத்துப் போடலாம். பெரியப்பாவுக்கு என் அண்ணன், பெரியப்பா மகன், கேள்வி கேட்காமல் போட்டார். மதினி பக்கத்தில் நின்றது அதற்குக் காரணம். டம்ளர் சாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகியிருந்தபோது ஊசி ஏறியது. இப்போது அவர் தோட்டத்துக்கு நடந்து போய்வருகிறார். சட்டைப் பொத்தானை இடக்கையால் போடும்போது மட்டும் வெகு நேரம் எடுக்கிறது, அதற்கு யாரும் உதவினால் அவருக்குப் பிடிப்பதில்லை.

இது முதியவர்களின் நோய் மட்டுமே என்ற எண்ணமும் நேரத்தைத் தின்கிறது. முடக்குக் காய்ச்சல் என்னும் ருமாட்டிக் காய்ச்சலால் சிறுவயதில் இதய வால்வு கெட்டுப்போன இளம்பெண்களுக்கு, இதயத்தில் உருவாகும் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவதை நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் ரத்தம் எளிதில் உறையும், உடலில் நீர் வற்றினால் மூளையின் சிரைகளில் கட்டி உண்டாகும் அபாயம் கூடும். பிள்ளை பெற்று இரண்டு மூன்று வாரத்தில் விடாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, கை விழுதல் என்று எது வந்தாலும் அதைச் சீதளம் என்றோ காற்றுக் கருப்பு என்றோ ஒதுக்கக் கூடாது.

தடுப்பதைப் பற்றி நீளமாக எழுத இது இடமில்லை. உலகில் ஏற்படும் பக்கவாதங்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணமாவது கையில் அடக்கக்கூடிய பத்துக் காரணிகளே என்று பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அவற்றில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நம் ஊரில் நடக்கும் பெருந்தவறு. சரியானது மாத்திரையால்தான். வாங்கப் போக முடியவில்லை என்ற காரணம் பலருக்கும் இப்போது இல்லை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

கடைசியாக, பக்கத்தில் இருப்பவர் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லும்போது, பக்கத்தில் யாருமே இல்லாத வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஊரில் அப்பா அம்மா இருவர் மட்டும், அல்லது அம்மா மட்டும். பிள்ளைகள் சென்னையில், பெங்களூருவில், கடல் கடந்து. அந்த வீடுகளில் தினமும் பேசும் போன் அழைப்புதான் காவல். காலையில் ஒருமுறை, இரவு ஒருமுறை பேசுகிறவர்களுக்குக் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று சொல்ல முடியும். பேச்சில் திடீரென்று குழறல் கேட்டால் உடனே வீடியோவில் கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்லலாம், கையை நீட்டச் சொல்லலாம். ஆனால் பெங்களூருவிலிருந்து 108ஐ அழுத்தினால் அது கர்நாடகத்தின் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும், வெளிநாட்டிலிருந்து அந்த எண் கிடைக்கவே கிடைக்காது. ஆகவே எதிர்வீட்டுக்காரர், தெருமுனைக் கடைக்காரர் என்று ஓடிவரக்கூடிய இரண்டு பேரின் எண்கள் பிள்ளைகளின் போனில் இருக்க வேண்டும். வீட்டுச் சாவி ஒன்று அவர்களிடம் இருக்க வேண்டும். எந்த மருத்துவமனை என்று எழுதிய தாளும் மாத்திரைப் பெட்டியும் எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவை எல்லாம் இருந்தும் அண்டை வீட்டார் தயங்குவார்கள். அம்மா வேண்டாம் என்று சொல்லும்போது வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்ற அவர்களுக்கு உரிமை இருக்கிறதா, நாளைக்கு ஏதாவது ஆனால் பழி தங்கள்மேல் வருமா என்ற தயக்கம் நியாயமானது. அதை நீக்கக்கூடியவர்கள் பிள்ளைகள் மட்டுமே. என் அம்மாவின் எதிர்வீட்டில் இருக்கும் அக்காவிடம், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "அம்மா வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதீங்கக்கா. 108ஐக் கூப்பிட்டு ஏத்திருங்க. எனக்கு அப்புறம் சொன்னாப் போதும். என்ன ஆனாலும் நான் பொறுப்பு." அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா சற்று யோசித்துவிட்டு, "அவ சொல்றபடியே செய்யி" என்றார்.